நாற்பத்திரண்டு உள்ளவனுக்கு வலிக்காது

எங்கள் மருத்துவமனையில் வலி ஒழிக்கப்பட்ட அன்று நான் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்பு பிழிந்துகொண்டிருந்தேன். ஒழித்த விஷயம் சாயங்காலம்தான் என் காதுக்கு வந்தது. அதுவரைக்கும் என் வலது தோள், தான் செய்வது தப்பு என்று தெரியாமல், வழக்கம்போல வலித்துக்கொண்டிருந்தது.

நான் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறவன். நோயாளிகள் படுத்த விரிப்பு, போர்வை, டாக்டர்கள் கழற்றிப் போட்ட பச்சை அங்கி எல்லாம் சுவரில் உள்ள ஒரு பெரிய குழாய் வழியாக மேலிருந்து என் அறைக்குள் தொப்பென்று வந்து விழும். அவற்றைத் துவைத்து, பிழிந்து, கூடையில் அள்ளி, மொட்டை மாடிக்குச் சுமந்துபோய்க் கொடியில் காயப்போடுவேன். ஈர விரிப்பு லேசுப்பட்ட சாமான் இல்லை. தோள் போனது அதில்தான். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் எனக்கென்று இருந்த ஒரே சுகம் அந்த மாடி. கீழே ஜன்னல் கிடையாது. மேலே போனால் வெயில் இருக்கும், காற்று இருக்கும், தெருவில் போகிற வருகிற ஜனம் தெரியும். கிளிப் மாட்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

எங்கள் தலைமை மருத்துவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். அவர் வெளியூரில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். அங்கே யாரோ ஒருவர் தம் ஆராய்ச்சியை வாசித்தாராம். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலி சற்றுக் கூடுதலாக இருப்பதுபோலத் தெரிகிறது, இதை இன்னும் ஆராய வேண்டும் என்று. அந்த ‘இன்னும் ஆராய வேண்டும்’ வந்த சமயத்தில் பெரிய டாக்டர் காபி குடிக்க எழுந்து போயிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் எல்லா ஊழியர்களையும் கூட்டத்துக்கு அழைத்தார். எனக்கு அழைப்பு வரவில்லை. என் மனைவி அங்கேயே ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறவள். அவள் போயிருந்தாள், வந்து அப்படியே சொல்லிக் காட்டினாள்.

“குறைவா இருந்தா வலி அதிகம்னு நிரூபிச்சுட்டாங்க,” என்றாராம் பெரிய டாக்டர். “அப்ப நிறைவா இருந்தா? வலி கிடையாது. சாதாரணக் கணக்கு. இத்தனை வருஷமா நாம என்ன பண்ணோம்? நோயாளிகிட்டயே போய் வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டு இருந்தோம். நோயாளி என்ன டாக்டருக்கா படிச்சாரு? ரத்தம் பொய் சொல்லாது. இனிமே நாம ரத்தத்தைக் கேப்போம்.”

எல்லோரும் கை தட்டினார்களாம். எலும்பு டாக்டர் மட்டும், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதை மாத்திரையாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்டிருக்கிறார். பெரிய டாக்டர் அவரை இரக்கத்தோடு பார்த்து, மாத்திரை கொடுத்து ஏற்றினால் அது மாத்திரையின் அளவு, நோயாளியின் அளவு ஆகாது என்று விளக்கினார். அதற்கும் கை தட்டல். நானும் என் மனைவியும் அன்றைக்கு வீட்டில் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

மறுநாளே மாற்றங்கள் ஆரம்பமாயின. அதுவரை ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் ஒரு படம் ஒட்டியிருக்கும். வரிசையாக வட்ட வட்ட முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். உங்களுக்கு வலி எந்த முகம் என்று நர்ஸ் கேட்பாள், நோயாளி விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தப் படங்களையெல்லாம் உரித்து, மேலே இருந்த குழாய் வழியாகவே தள்ளிவிட்டார்கள். அழுக்கு விரிப்புகளோடு சேர்ந்து முகங்களும் என் தலையில் விழுந்தன. எறிய மனமில்லாமல் சுவரோரமாக அடுக்கி வைத்தேன். கட்டில்களுக்கு மேலே இப்போது வெள்ளைப் பலகை வந்தது. அதில் நோயாளியின் பெயர்கூடக் கிடையாது, வைட்டமின் டி அளவு மட்டும் பெரிய எழுத்தில். வலி என்ற சொல்லை வார்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்றும் உத்தரவு. நோயாளி அலறினால் ‘அளவு முரண்பாடு’ என்று சொல்ல வேண்டும்.

விதிகள் எளிமையானவை. அளவு முப்பதுக்குக் கீழே இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷன் எதுவும் கிடையாது. வெயில் காய்ந்து, அளவை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முப்பதுக்கு மேலே இருந்தால் ஆபரேஷன் உண்டு, வலி மாத்திரை இல்லை. வலிதான் இல்லையே, மாத்திரை எதற்கு?

வெயில் காய இடம் வேண்டும் அல்லவா. என் மாடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொடிக் கயிறுகளை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் மடக்குக் கட்டில்களை வரிசையாகப் போட்டார்கள். விரிப்புகள் காய்ந்த இடத்தில் நோயாளிகள் காய்ந்தார்கள். விரிப்புகளுக்காகக் கீழ்த்தளத்தில் ஓர் இயந்திரத்தை வாங்கி வைத்தார்கள். அது பாதிதான் காயவைக்கும், மீதியை நோயாளி தன் முதுகுச் சூட்டால் காயவைத்துக்கொள்ள வேண்டும். அதோடு எனக்கும் வெயிலுக்கும் இருந்த உறவு முடிந்தது. இருட்டோடு வருவேன், இருட்டோடு போவேன்.

மாடிக்கு மேற்பார்வையாளராக, வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலாளியை நியமித்தார்கள். அவர் பழைய விசிலோடே பதவியேற்றார். விசில் அடித்தால் எல்லோரும் மல்லாந்து படுக்க வேண்டும், இரண்டாவது விசிலுக்குக் குப்புறப் புரள வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த ஒருவரிடம், “பின்னாடி வாங்க, வாங்க, அப்படியே லெஃப்ட்ல ஒடிங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்ததை மாடிப்படியில் நின்று என் காதால் கேட்டேன். மழைக்காலம் வந்தபோதும் விசில் நிற்கவில்லை. மேகம் மூடியிருக்கிறதே என்று ஒரு நோயாளி சொன்னதற்கு, வெயில் கொடுப்பது சூரியனின் வேலை, படுத்திருப்பது உங்கள் வேலை, அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டரே வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் தோள் நாளுக்கு நாள் மோசமானது. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சலவைக்காரனுக்குத் தோள் போய்விட்டது என்று தெரிந்தால் அப்புறம் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? என் மனைவிக்கு மட்டும் தெரியும். காலையில் சட்டையின் வலது கையை அவள்தான் மாட்டிவிடுவாள். முதலில் வலது கை, பிறகு முதுகுப் பக்கம் சுற்றிக் கொண்டுவந்து இடது கை. வலிக்குதாங்க என்று கேட்டுக்கொண்டே செய்வாள். இல்லை என்பேன். பொய் சொல்றீங்க என்று சொல்லிப் பொத்தானைப் போட்டுவிடுவாள். அந்த ஒரு கேள்வியை அந்த நாட்களில் ஊரிலேயே கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

கடைசியில் அவளே என்னை இழுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனாள். அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, தைக்கத்தான் வேண்டும், தாமதித்தால் கை நிரந்தரமாகப் போய்விடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வைட்டமின் டி எவ்வளவு என்று கேட்டார்.

பதினொன்று. ரத்தத்தை என் மனைவியே எடுத்து, அவளே பார்த்தாள். மாடியும் போய் ஜன்னல் இல்லாத அறையிலேயே கிடந்தவனுக்குப் பதினொன்று வந்ததே பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆனால் அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். மருத்துவமனை ஊழியரே இப்படி வெயிலை அலட்சியப்படுத்தலாமா என்று கேட்டார்கள். மாடியில் எனக்கு ஒரு கட்டில் கொடுங்கள் என்றேன். ஊழியர்கள் வேலை நேரத்தில் மாடிக்குப் போகக் கூடாது என்றார்கள். வேலை முடிந்து போகிறேன் என்றேன். அப்போது வெயில் இருக்காதே என்று சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் இடது கையால் துவைத்தேன். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சமையலறையில் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, ரகசியக் குரலில் பேசினாள். லேப்பில் மறுபரிசோதனை என்று ஒரு வழி இருக்கிறது. மறுபடி எடுத்த ரத்தத்தில் நாற்பத்திரண்டு என்று போட்டுவிட்டாள்.

“நாப்பத்திரண்டா?” என்றேன். “முப்பத்தொண்ணு போதாதா?”

“முப்பத்தொண்ணுன்னா சந்தேகப்படுவாங்க. நாப்பத்திரண்டுன்னா பெருமைப்படுவாங்க. ஆபரேஷன் ஆயிடும்ங்க. இந்தத் தோளை வச்சுக்கிட்டு நீங்க படற பாட்டை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அன்றைக்கு எனக்கு நிலைகொள்ளவில்லை. வலி மாத்திரையைப் பற்றி இரண்டு பேருக்குமே நினைவு வரவில்லை. தினமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த விதிதான். ஆனால் அது மற்றவர்களுக்கு என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. எலும்பு டாக்டர் கைராசிக்காரர். மதியம் போல வார்டில் கண் விழித்தேன். முதலில் மரத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு மருந்தின் வேகம் குறையக் குறைய, தோளுக்குள் யாரோ உட்கார்ந்து ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். நான் வலி பொறுக்கிறவன்தான். ஆனால் இது வேறு ரகம். பல்லைக் கடித்தேன், கட்டில் கம்பியைப் பிடித்தேன், கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டேன்.

எனக்குத் தெரிந்த பெண்தான். அவளுடைய சீருடையைத் துவைத்துக் கொடுப்பவன் நான்தானே. என்னண்ணே என்று ஓடி வந்தாள். வலிக்குதும்மா, ஊசி போடு என்றேன். அவள் என் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அண்ணே, உங்களுக்கு நாப்பத்திரண்டு.”

“தெரியும்மா.”

“நாப்பத்திரண்டுக்கு வலிக்காதுண்ணே.”

வலிக்குதே என்றேன். அவள் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, தனக்குப் புரிவதாகவும், ஆனால் ஊசி போட்டால் பலகைக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் மெதுவாகச் சொன்னாள். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். அது பாதி காய்ந்த போர்வை.

பக்கத்துக் கட்டிலில் பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். விபத்தில் கால் முறிந்து வந்தவர். அவசரம் என்பதால் அளவு பார்க்காமல் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அவர் பலகையில் பதினான்கு. ஆகவே அவருக்கு வலிக்க அனுமதி இருந்தது. வேளை தவறாமல் மாத்திரை வந்தது. அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் தட்டி எழுப்பி, உங்களுக்கு வலிக்குது, முழுங்குங்க என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த மனிதர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதுபோல விழுங்கி, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, நர்ஸ் நகர்ந்ததும் துடைத்து என் பக்கம் நீட்டினார். “பிடிங்க தம்பி. எனக்கு இப்ப பரவாயில்ல,” என்றார். நான் இடது கையை நீட்டியபோது வார்டு மேற்பார்வை நர்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாத்திரை பறிமுதல் ஆனது. ஒருவருக்கு ஒதுக்கிய வலியை இன்னொருவர் அனுபவிக்க முயல்வது ஒழுங்கீனம் என்று டிரைவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். என் பெயரில் ‘அளவு முரண்பாடு’ பதிவானது. எங்கள் கட்டிலுக்கு நடுவே திரை ஒன்றையும் இழுத்துவிட்டார்கள்.

என் மனைவி லேப்பிலிருந்து வந்தாள். அவள் வந்ததும் எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, என்னால முடியல, உண்மையைச் சொல்லிடு, இல்லாட்டி வேற ஏதாவது பண்ணு என்றேன். பார்க்கறேன், பார்க்கறேன் என்று என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். நான் பார்த்துக்கறேன் என்றாள். அதை நம்பி அன்று முழுக்கப் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் முரண்பாட்டு விசாரணைக் குழு கூடியது. என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர், எலும்பு டாக்டர், தர அதிகாரி என்று ஓர் அம்மா, மூவரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனைக்கு ‘வலியற்ற நிறுவனம்’ என்ற சான்றிதழ் கொடுக்க வெளியிலிருந்து ஒரு சோதனைக் குழு வரவிருந்தது. அதனால் அந்த அம்மாவின் முகத்தில் தூக்கமே இல்லை.

அவரே ஆரம்பித்தார். “பலகை ஒண்ணு சொல்லுது, நோயாளி ஒண்ணு சொல்றாரு. ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும். பலகையை நாங்க தினமும் துடைச்சு வைக்கிறோம்.”

பெரிய டாக்டர் என்னிடம் அன்பாகப் பேசினார். அவருடைய அங்கியின் காலரில் ஒரு மைக்கறை போகாமல் இருந்தது. எவ்வளவோ தேய்த்தும் என்னால் எடுக்க முடியாத கறை. “நீங்க நம்ம ஆளு,” என்றார். “வெளியாள் வந்து வலிக்குதுன்னு சொன்னா, விவரம் பத்தாதுன்னு விட்டுடலாம். இங்கயே வேலை பார்க்கற நீங்க வலிக்குதுன்னா, நாங்க யாருக்குய்யா வைத்தியம் பார்க்கறது? உங்க ஒருத்தருக்கு வலிச்சா, மாடியில படுத்திருக்கிற அத்தனை பேரும் எதுக்குப் படுத்திருக்காங்கன்னு ஆயிடாதா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

யோசித்துப் பார்த்தேன். வலித்தது.

எலும்பு டாக்டர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோளைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வலிக்கத்தான் செய்யும் என்றார். நீங்கள் பார்த்தது தோளை, நாம் பேசுவது அளவை என்று பெரிய டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. லேப் சார்பாக அழைக்கப்பட்டுக் கதவோரம் நின்ற என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்மா,” என்றார். “மெஷின்ல எப்பவாவது கோளாறு வர்றதுதான். யார் மேலயும் தப்பு கிடையாது. எடுத்துப் பார்த்தா முடிஞ்சு போச்சு.”

அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அகலமாக ஒரு கதவைத் திறந்து வைத்தார். உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. சரி சார் என்று இரண்டு சொல் போதும். யாருக்கும் வேலை போகாது, யாருக்கும் அவமானம் இல்லை. பதினொன்று என்று பலகையில் எழுதிவிட்டால் அடுத்த நிமிஷம் எனக்கு ஊசி. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் மனைவி பெரிய டாக்டரைப் பார்த்தாள்.

“தேவையில்லை சார். நானே எடுத்த ரத்தம், நானே பார்த்த அளவு. எங்க லேப்ல கோளாறு வர்றதில்ல. நாப்பத்திரண்டுதான்.”

தர அதிகாரி அம்மா மூச்சு விட்டார். பெரிய டாக்டர் மேசையைத் தட்டிப் பாராட்டிவிட்டு, மனைவி என்ற முறையில் நீங்களே சொல்லுங்கள், வீட்டில் இவர் எப்படி என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் சிரித்தாள். “வீட்டுலயும் இப்படித்தான் சார். ஒரு கொசு கடிச்சாக்கூட எல்லாரையும் எழுப்பி உக்கார வச்சுடுவாரு.”

அறையே சிரித்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள்கூடச் சிரித்தான். எலும்பு டாக்டர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்புவாள் என்று நான் காத்திருந்தேன். கண்ணாலாவது ஏதாவது சொல்வாள் என்று. அவள் அங்கியின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தோள் போன சங்கதியை இந்த உலகத்தில் நான் ஒரே ஒருத்தியிடம்தான் மறைக்காமல் காட்டியிருந்தேன். அவளிடம்கூட இல்லை இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன்.

எனக்கு வந்திருப்பது ‘பழக்க வலி’ என்று குழு முடிவு செய்தது. முன்பு வலித்த பழக்கத்தில் இப்போதும் வலிப்பதாக நினைத்துக்கொள்வது. மருந்து எதுவும் தேவையில்லை, நல்ல வார்த்தையே போதும் என்றார்கள். ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள்.

அவள் பிறகு வார்டுக்கு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினாள். சோதனைக் குழு வருகிற நேரம், ஓர் அளவு தப்பு என்று ஆகிவிட்டால் மாடியில் இருக்கிற எல்லோருடைய அளவையும் கேட்பார்கள், லேப் தலைமைப் பொறுப்புக்கு அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள், இந்தச் சமயத்தில் போய் எப்படி, நீங்களே சொல்லுங்க என்றாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்.

“கொசு?”

“அது... அந்த நேரத்துக்கு வாயில வந்துடுச்சுங்க,” என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று எனக்கு இன்னொரு கௌரவம் காத்திருந்தது. ஊழியர்களிலேயே உயர்ந்த அளவு என்னுடையதாம். வாசலில் மாட்டுகிற பெரிய படத்துக்கு என்னைப் போட்டோ எடுக்க முடிவு செய்திருந்தார்கள். மொட்டை மாடிக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வெயில் முகத்தில் பட்டது. அதை அனுபவிக்க விடாமல் விசில்காரர் என்னை முன்னே வா, பின்னே போ என்று நிறுத்திக்கொண்டிருந்தார். போட்டோக்காரர், ஆபரேஷன் ஆன கையை மேலே தூக்கிச் சிரிக்கச் சொன்னார். கட்டு போட்ட கையைத் தூக்கக் கூடாது என்றேன். அளவு நாற்பத்திரண்டு உள்ளவர் இப்படிச் சொல்லலாமா என்று தர அதிகாரி அம்மா பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

வார்டில் உரித்துப்போட்ட அந்த வட்ட முகங்களை நினைத்துக்கொண்டேன். உள்ளே கடைசி முகம். வெளியே முதல் முகம் கேட்கிறார்கள். முடிந்தவரை கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. போட்டோக்காரர் ரொம்ப சந்தோஷப்பட்டார். ஆனந்தக் கண்ணீர் தானாக வருவது அபூர்வம் என்றார்.

படம் வாசலில் இப்போதும் இருக்கிறது. சோதனைக் குழு அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்ததாம். சான்றிதழ் கிடைத்தது. என் மனைவி லேப் தலைவி ஆனாள்.

அதற்கெல்லாம் முன்னால், நான் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. நான் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் சட்டையை எடுத்து, பல்லால் கடித்து இழுத்து, வலது கையை உள்ளே நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் வந்து நின்றாள். கையில் தண்ணீரும் மாத்திரையும். எங்கேயோ வெளி மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். வலிக்கான நல்ல மாத்திரை. அந்த மாத்திரையின் நிறம் எனக்குத் தெரியும், டிரைவர் நீட்டியது அதுதான். அதைப் பார்த்ததும் என் நாக்கில் எச்சில் ஊறியது. உடம்புக்கு ரோஷம் கிடையாது.

மேசையில் அதை வைத்துவிட்டு, பழையபடி குனிந்து, சட்டையின் வலது கையை விரித்துப் பிடித்தாள். தோளுக்கு நோகாமல் மெதுவாக ஏற்றினாள். முதலில் வலது கை, பிறகு முதுகுப் பக்கம் சுற்றி இடது கை. அவள் செய்தால் நோகாது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“வலிக்குதாங்க?” என்றாள்.

மருத்துவமனையில் ஒருவரும் கேட்காத கேள்வி. எத்தனை வேளை அதற்காகக் காத்துக் கிடந்தேன். தோளுக்குள் ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“நாப்பத்திரண்டு,” என்றேன்.

பொத்தானில் இருந்த அவள் விரல் நின்றுவிட்டது. பிறகு மீதிப் பொத்தான்களையும் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போனாள்.